வில்லோ மரத்தடி

ரூன்ஸ்கேப் விளையாட்டில் செத்துப்போனால் லம்பிரிட்ஜில்தான் கண்விழிக்க வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? வாராக்குக்குத் தெற்கே கல்வட்டத்தில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் அடிக்கிற கறுப்பு அங்கி மந்திரவாதிகளிடம் மாட்டினாலும் சரி, வில்டர்னஸில் முதுகுக்குப் பின்னால் வந்த எவனோ ஒருத்தன் போட்டுத்தள்ளினாலும் சரி, ஒரு கணம் தரையில் விழுந்து கிடப்போம். அடுத்த கணம் கோட்டை முற்றத்தில் நிற்போம். கையில் மூன்றே மூன்று சாமான் மிஞ்சியிருக்கும். மிச்சமெல்லாம் விழுந்த இடத்தில் கிடக்கும், எடுத்தவனுக்குச் சொந்தம். காதில் அந்த மெட்டு. சுற்றிலும் எப்போதும் போல அதே மத்தியான வெயில். கோட்டை வேலைக்காரன் ஹான்ஸ் கைவீசிக்கொண்டு கோட்டையைச் சுற்றி நடந்துகொண்டிருப்பான். நமக்கு நடந்த எதுவும் அவன் காதுக்கு எட்டியிருக்காது.

அந்த வெயிலை நினைத்தால் எனக்கு வெல்லப்பாகு வாசம் வருகிறது. ரூன்ஸ்கேப்பில் ஏது வாசம் என்று கேட்பீர்கள். நான் அந்த ஊருக்குப் போன வழி அப்படி. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிற ஒரு வீட்டுக்கு எதிர்மாடியில் இருந்தது எங்கள் பிரௌசிங் சென்டர். செங்குத்தான மாடிப்படி, ஏழு பிளைவுட் தடுப்பு, நோட்டில் பெயரும் நேரமும் எழுத ஒரு பேனா. அந்தப் பேனாவை நூலால் மேஜையோடு கட்டியிருப்பார்கள். மணிக்கு 20 ரூபாய். சென்டர்காரர் சாமி படத்துக்கு ஏற்றுகிற ஊதுபத்தி, சூடான மானிட்டரில் தூசி காய்கிற வாசம், ஜன்னல் வழியாகக் கிளம்பி வருகிற பாகு, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் எனக்கு லம்பிரிட்ஜ். 2006-ல் எனக்குப் பதினான்கு வயது. சித்தி மகனுக்குப் பன்னிரண்டு. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிடுவோம்.

அந்த மெஷின்களில் எதையும் ஏற்றக்கூடாது என்பது சென்டர்காரரின் சட்டம். ஏற்றினாலும் ஓடாது, அது வேறு. ஆனால் ரூன்ஸ்கேப்பை ஏற்ற வேண்டியதே இல்லை. பிரௌசர் திறந்தால் ஊர் திறந்துவிடும். ஆண்ட்ரூ கோவர் என்கிற கேம்பிரிட்ஜ் மாணவர் தன் சகோதரரோடு சேர்ந்து ஜாவாவில் கட்டி, 2001 ஜனவரி 4-ம் தேதி கதவைத் திறந்துவிட்ட ஊர் அது. எங்களை மாதிரி ஓட்டை மெஷினும் இழுவை லைனும் வைத்திருந்தவர்களை வாசலிலேயே தடுத்து நிறுத்தாத ஊர். ஒவ்வொரு அசைவுக்கும் அரை நொடிக்கு மேல் மூச்சு வாங்குகிற ஊர் அது. வெட்டினால் கொஞ்சம் பொறுத்துத்தான் கோடரி இறங்கும். கூப்பிட்டால் கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் லைனும் அதே வேகம். அதனால் நாங்கள் பின்தங்கியிருக்கிறோம் என்பதே ரொம்ப நாள் எங்களுக்குத் தெரியாது.

முதல் நாள் இன்னொரு கூத்து. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்.

“எங்கல நிக்க?”

“கோட்டை வாசல்லதாம்ணே நிக்கேன்.”

“நானும் அங்கனதாம்ல நிக்கேன். ஒன்னக் காணோமே?”

“நா ஒங்களயும் காணல. பாலத்துப் பக்கம் ஒரு பச்சக் குள்ளன் நிக்கான், அவனத் தெரியுதா?”

“தெரியுதுல!”

பச்சைக் குள்ளன், அதாவது கோப்ளின், எல்லா உலகத்திலும் நிற்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு உலகத்துக்கு 2000 பேர். அப்படி நூற்றுக்கு மேற்பட்ட உலகங்கள். அத்தனையிலும் அதே கோட்டை, அதே பாலம், அதே ஆறு. உள்ளே நுழையும்போதே ஒரே எண்ணைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒரே இடத்தில் நின்றும் ஆளை ஆள் பார்க்க முடியாது. அன்றைக்கு முக்கால் மணி நேரம், அதாவது 15 ரூபாய், நாங்கள் ஒருவரை ஒருவர் தேடியே செலவழித்தோம்.

அந்த ஊரில் எல்லோருக்கும் முதல் வேலை கடைக்குப் போய்வருகிற வேலைதானே. கோட்டைச் சமையல்காரன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். பிரபுவுக்குப் பிறந்தநாள், கேக்குக்கு முட்டை இல்லை, பால் இல்லை, மாவு இல்லை. முட்டைக்குக் கோழிப்பண்ணை. பாலுக்கு வாளியோடு பசுவிடம். மாவுக்குக் கோதுமை பறித்துக்கொண்டு காற்றாலை மில்லுக்கு. மேல்மாடி வரை ஏறிக் கொட்டிவிட்டு, லீவரை இழுத்துவிட்டு, கீழே வந்து அள்ள வேண்டும். வீட்டில் அரிசி அரைக்க மில்லுக்கு அனுப்பினால் முனகுகிற நாங்கள் அங்கே அவ்வளவு பணிவாகப் போய்வந்தோம். நான் மேலே கொட்டியதும் லீவரை இழுக்க மறந்துவிட்டு, காலித் தொட்டியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். யாரோ ஒரு புண்ணியவான், தலையில் மரத்தொப்பி போல ஏதோ மாட்டியிருந்தவர், “லீவர்” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு மாடு. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தொழுவத்தில் பத்துப் பதினைந்து பேர் மாட்டை விரட்டி அடித்துக்கொண்டிருப்பார்கள். தோல் விழுந்தால் எடுத்துக்கொண்டு அல் கரீத் சுங்கக் கதவுக்குப் போவது. பத்துக் காசு கொடுத்து உள்ளே போய்ப் பதப்படுத்துகிறவனிடம் கொடுப்பது. பத்துக் காசு இல்லாமல் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றவர்களும் உண்டு. “பத்துக் காசு இருக்கா?” என்று கேட்டால் யாராவது கொடுத்துவிடுவார்கள். எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். பிறகு நானும் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் நம் ஊர் என்று நான் சொல்வது லம்பிரிட்ஜ் இல்லை. அது பிறந்த ஊர் மாதிரி. வாழ்ந்தது ட்ரேய்னரில். லம்பிரிட்ஜிலிருந்து மேற்கே நடக்கிற அந்தப் பாதை உங்கள் காலுக்கும் தெரிந்திருக்கும். பாதியில் சிறைக்கூடம் வரும். சின்ன லெவல் ஆட்களைக் கண்டாலே அதன் காவலாளிகள் கத்தியை உருவிக்கொண்டு வருவார்கள். நான் முன்னால் ஓடுவேன், பின்னாலிருந்து தடுப்பைத் தட்டிக்கொண்டு அவன் கத்துவான், “அண்ணே, என்னயத் தொரத்துதான்!” “ஓடுலே! திரும்பிப் பாக்காத, ஓடு!” சென்டர்காரர் தலையை நீட்டி எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுப் போவார். ஓடத் தெம்பு தீர்ந்துபோய் நடக்கத் தொடங்கிய பிறகுதான் ட்ரேய்னர் பேங்க் தெரியும். உள்ளே நுழைந்து, கொண்டுவந்ததையெல்லாம் பெட்டியில் போட்ட பிறகுதான் மூச்சே வரும்.

அந்த பேங்கின் சுவர் ஒரு பக்கம் பிளந்து கிடக்குமே, அதை மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்து வீட்டு ஞானக்கிழவர் செய்த வேலை. பட்டப்பகலில் பேங்கைக் கொள்ளையடித்துவிட்டு, தலையில் நீலக் காகிதக் கிரீடத்தோடு ஒன்றும் தெரியாதவர் போல வீட்டில் உட்கார்ந்திருப்பார். ஊருக்கே தெரியும். யாரும் ஒன்றும் செய்வதில்லை. அந்தக் கிரீடம் 2001 கிறிஸ்துமஸுக்குப் பட்டாசுப் பொட்டலத்தில் சும்மா கிடைத்தது. எங்கள் காலம் வரை அது திரும்ப வரவேயில்லை. அன்றைக்கு இருந்தவர்கள் பெரிய பணக்காரர்கள் ஆனார்கள். நாம் பிந்தி வந்த ஊர். எந்த ஊருக்கும் நான் கொஞ்சம் பிந்தித்தான் போயிருக்கிறேன்.

பேங்குக்குத் தெற்கே தண்ணீர்க் கரையில் வில்லோ மரங்கள். மரவெட்டு லெவல் 30 ஆன அன்று நானும் அங்கே போனேன். மூன்று நான்கு மரம்தான். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆட்கள். டொக், டொக், டொக் என்று எல்லோருடைய கோடரியும் ஒரே தாளத்தில் விழும். மரம் சாய்ந்தால் ஒரு கணம் அத்தனை பேரும் கை ஓய்ந்து நிற்பார்கள். பிறகு கும்பலாக அடுத்த மரத்துக்கு நகர்வார்கள். கட்டைக்கு என்ன பெரிய விலை? ஒன்றுமில்லை. இருந்தும் அங்கே மணிக்கணக்கில் நின்றோம். வெட்டுகிற கைக்கு மூளை வேண்டாம், அதனால் வாய் சும்மா இருக்காது.

அந்தப் பேச்சு எப்படித் தொடங்கும் என்று சொல்லவா? யாராவது ஒருவர் கேட்பார்: “டபிள்யூசி லெவல்ஸ்?” அதாவது, மரவெட்டில் எத்தனை லெவல்? தலைக்கு மேல் மஞ்சள் எழுத்தில் அது மிதக்கும். உடனே சுற்றியிருக்கிற ஒவ்வொரு தலைக்கு மேலும் எண்கள். 47. 62. 35. 71. யாராவது 80 என்றால் “ஓ” என்று ஒரு முனகல். 99 வரை போக 1,30,34,431 புள்ளி வேண்டும். 92-ல் பாதிவழிதான் வந்திருப்போம். அந்தக் கணக்கு அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் எண்ணைத் தெரிந்துகொள்ளவா கேட்டார்கள்? நம் ஊரில் “சாப்பிட்டாச்சா” என்று கேட்கிறோமே, அந்த மாதிரி. பத்து நிமிஷம் கழித்து வேறொருவர் வந்து அதையே கேட்பார். எல்லோரும் திரும்பவும் சொல்வார்கள்.

எங்கள் சனிக்கிழமை இரண்டு மணிக்கு அந்த மரத்தடியில் யார் யார் இருப்பார்கள் என்பதைச் சூரியன் முடிவு செய்தது. ஐரோப்பாவில் காலை, தூங்கி எழுந்த முகத்தோடு வருவார்கள். அமெரிக்காவில் விடியாத நேரம், தூக்கம் வராதவர்கள் மட்டும் இருப்பார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் சாயங்காலச் சிற்றுண்டியோடு. இந்த மூன்று கூட்டமும் உரசிக்கொள்கிற விளிம்பு அந்த நேரம். அந்த விளிம்பில்தான் எனக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள்.

ஒருவர் பின்லாந்துக்காரர். பச்சைத் தொப்பி. ரொம்பப் பேசமாட்டார். ஜன்னலுக்கு வெளியே மைனஸ் 20 என்று ஒரு தடவை சொன்னார். எங்கள் ஊரில் 38 என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்குப் பாதி அனுப்பு” என்றார். இன்னொருவர் கனடாவில் இருந்த ஒரு பாட்டி. பேரன் பழக்கிவிட்டானாம், பேரன் விட்டுவிட்டான், பாட்டி விடவில்லை. அங்கே விடிகாலை நாலரை மணி. தூக்கம் வராது என்பார். சித்தி மகனுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. “பாட்டி கம்ப்யூட்டர் கேம் வெளயாடுமாண்ணே? நம்ம பாட்டிக்கு ரிமோட்டே தெரியாது.” அவர் நிஜமாகவே பாட்டிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எழுத்துப் பிழையில்லாமல், வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்து எழுதுகிறவர் அந்த ஊரில் அவர் ஒருத்தர்தான்.

அவருக்குச் சமையல். எனக்கு நெருப்பு. தீப்பெட்டி ஊர்க்காரனுக்கு நெருப்பு வைக்கச் சொல்லியா தர வேண்டும்? ஆனால் அங்கே தீப்பெட்டி கிடையாது, சிக்கிமுக்கிப் பெட்டிதான். கட்டையைக் கீழே வைத்து உரசிக்கொண்டே இருக்க வேண்டும். பற்றினால் ஒரு அடி மேற்கே தள்ளி நிற்போம், அடுத்த கட்டை, அடுத்தது. கரையோரம் வரிசையாகத் தீ. கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைத்த மாதிரி இருக்கும். யாருடைய தீயில் யார் வேண்டுமானாலும் சமைக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் வந்து குனிந்து இறால் வறுத்துவிட்டுப் போவார்கள். தீ அணைந்ததும் ஒரு பிடி சாம்பல் மிஞ்சும்.

லாப்ஸ்டருக்கு மட்டும் கடல் தாண்ட வேண்டும். போர்ட் சாரிமில் 30 காசு கொடுத்தால் கரம்ஜாவுக்குக் கப்பல். துறையில் நுழைந்ததும் அந்தப் படகுப் பாட்டு தொடங்கும். ஒரே ஹெட்போன், ஆளுக்கொரு காது, இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அக்கரையில் எரிமலை, வாழைத்தோப்பு, கூண்டு இறக்குகிற மரப்பாலம். திரும்பக் காசு இல்லாவிட்டால் தோப்புக்காரனிடம் பத்து வாழைப்பழம் பறித்துப் பெட்டியில் போட்டால் சரியாக 30 காசு கொடுப்பான். யாரோ கணக்குப் போட்டு இரக்கப்பட்டு வைத்த ஏற்பாடு அது. வருகிற வழியில் சுங்க அதிகாரி சாராயம் இருக்கிறதா என்று பையைத் துழாவுவார். பிறகு ட்ரேய்னர் வரை நடை. ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து இருபத்தாறு லாப்ஸ்டர் தேறும். நான் சமைத்தால் பாதி கரிக்கட்டை. அதனால் பச்சையாகப் பாட்டியிடம் கொடுத்துவிடுவேன். பதம் தப்பாமல் சிவக்கச் சிவக்கத் திரும்பி வரும். கூடவே அவருடையதும் நாலைந்து சேர்ந்திருக்கும். “எண்ணிப் பார்க்காதே” என்பார்.

எல்லோரும் நல்லவர்கள் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். வாராக் மேற்கு பேங்க் வாசலில் நின்று பார்த்தவர்தானே நீங்களும். முதலாம் உலகத்தில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. “செல்லிங் 100 லாப்ஸ்”, “பையிங் யூ லாக்ஸ்” என்று அலையடிக்கிற எழுத்து, மின்னுகிற எழுத்து, சிவப்பும் பச்சையுமாக மாறுகிற எழுத்து. ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்கிற மாதிரி சத்தம், காதில் விழாத சத்தம். சந்தைக்கூட்டம். அங்கேதான் ஒருத்தன் சித்தி மகனிடம் கவசத்துக்குத் தங்கக்கரை வைத்துத் தருகிறேன், இலவசம் என்றான். இவன் மூன்று மாதம் மாட்டுத்தோல் விற்று வாங்கிய கவசத்தைக் கழற்றிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, “தேங்க்ஸ் அண்ணா” என்று வேறு டைப் செய்தான். அவன் மறைந்துபோன பிறகும் அரை மணி நேரம் அங்கேயே நின்றான், தையல்கடையில் துணி கொடுத்தவன் மாதிரி. அன்று மாடிப்படி இறங்கும்போது எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. கீழே ஐம்பது காசுக் கடலைமிட்டாய் வாங்கிப் பாதி உடைத்துக் கொடுத்தேன்.

கரண்ட் போவதைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சண்டை முடிந்து பத்து நொடி ஆகாமல் அந்த ஊரைவிட்டு வெளியேற முடியாது என்பது சட்டம். எங்கள் மின்வாரியத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஏழு மானிட்டரும் ஒரே நேரத்தில் கறுக்கும். மின்விசிறி சுழன்று ஓய்கிற சத்தம் மட்டும் கேட்கும். இருட்டில் உட்கார்ந்துகொண்டு, ‘இந்நேரம் அடிவாங்கிக்கிட்டு இருப்பேன், இந்நேரம் விழுந்திருப்பேன்’ என்று நினைத்துக்கொண்டிருப்பேன். கரண்ட் வந்து திறந்தால் லம்பிரிட்ஜ்.

அங்கே மழை கிடையாது, பனி கிடையாது. பருவமென்றால் மனிதர்கள் கொண்டுவருகிற பருவம்தான். ஜூலையில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை; மரத்தடியில் இடம் கிடைக்காது. அக்டோபர் கடைசியில் பூசணிக்காய்ப் பேச்சு. எங்கள் அரையாண்டு லீவும் அவர்கள் கிறிஸ்துமஸும் சேர்ந்து வருகிற பத்து நாள்தான் எனக்குத் திருவிழா.

அந்தப் பத்து நாளில்தான் டிராகனைக் கொல்லப் போனேன். ஊரார் கொடுத்த வேலைகளை முடித்து 32 புள்ளி சேர்த்து, கிழிந்த வரைபடத்தின் மூன்று துண்டையும் தேடி ஒட்டி, லம்பிரிட்ஜ் பிரபுவிடம் நெருப்புத் தாங்குகிற கேடயம் கேட்டு வாங்கி, போர்ட் சாரிமில் 2000 காசுக்கு ஒரு ஓட்டைக் கப்பல் வாங்கினேன். ஓட்டை அடைக்க மூன்று பலகை, 90 ஆணி வேண்டும். பச்சைத்தொப்பி ஒன்றும் பேசாமல் ட்ரேடில் 90 ஆணியை வைத்தார். வில்டர்னஸ் சுடுகாட்டில் பிணங்கள் நடமாடுகிற இடத்தில் பலகை கிடக்கும். பாட்டி தனியாகப் போய் எடுத்து வந்திருந்தார். ட்ரேய்னரில் கயிறு திரிக்கிற கிழட்டு நெட்தான் மாலுமி. கப்பல் கிராண்டர் தீவில் மோதி உடைந்தது. குகைக்குள் போய்ப் பச்சை டிராகனின் முன்னால் நின்று, பாட்டி சமைத்த லாப்ஸ்டரை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வெட்டினேன். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்துவந்த சித்தி மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றான். கடைசி லாப்ஸ்டரும் தீர்ந்தது. விழுந்தேன்.

லம்பிரிட்ஜ் முற்றத்தில் கண்விழித்தபோது இரண்டு பேரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். பச்சைத்தொப்பியும் பாட்டியும். நான் கிளம்பியதுமே ட்ரேய்னரிலிருந்து நடந்து வந்திருக்க வேண்டும். டிராகனோடு ஒருத்தர்தான் மோத முடியும், யாரும் கூட வர முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். நான் தோற்றால் எங்கே எழுவேன் என்றும் தெரியும். பாட்டி ட்ரேடைத் திறந்தார். மூன்று பலகை. இரண்டாவது செட் முதலிலேயே எடுத்து வைத்திருந்திருக்கிறார். “எல்லோரும் முதல் தடவை சாவார்கள்.” முற்றுப்புள்ளியோடு.

இரண்டாம் தடவை கொன்றேன். ரூன் கவசம் அணிகிற தகுதி வந்தது. கவசம் வாங்கத்தான் காசு இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். 2007 நவம்பரில் வாராக்குக்கு வடமேற்கே கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள். கவுன்டரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். விற்கிறவன் முகத்தை வாங்குகிறவன் பார்க்கத் தேவையில்லை. மேற்கு பேங்க் வாசல் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. டிசம்பரில் வில்டர்னஸில் ஆளை ஆள் அடிப்பது நின்றது. 2008 தொடங்கியதும், ஒருவர் இன்னொருவருக்குச் சும்மா கொடுப்பதற்கும் அளவு வைத்தார்கள். நிஜப் பணத்துக்கு விளையாட்டுக் காசை விற்கிற கூட்டம் திருட்டு கிரெடிட் கார்டுகளோடு ஊரை அரித்துக்கொண்டிருந்தது, அதைத் தடுக்கத்தான். காரணம் நியாயமானதுதான், இன்று புரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், லாப்ஸ்டரை வாங்கி எண்ணாமல் கூடுதலாகத் திருப்பித் தருகிற கைக்கும் விலங்கு விழுந்தது என்பதுதான். 2011-ல் 12 லட்சத்துக்கு மேல் வாக்குப் போட்டார்கள், 100-க்கு 91 பேர் பழையபடி வேண்டும் என்றார்கள், பிப்ரவரியில் திரும்ப வந்தது. அதற்குள் எங்கள் மரத்தடி கலைந்திருந்தது.

கலைந்தது என்றால் சண்டை போட்டுப் பிரிந்ததில்லை. யாரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. பச்சைத்தொப்பி ராணுவச் சேவைக்குப் போகணும் என்று ஒருநாள் சொன்னார். அவர்கள் ஊரில் அது கட்டாயமாம். அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தார். பாட்டி ஒரு சனிக்கிழமை, தீ எரிந்துகொண்டிருக்கும்போதே, “கெட்டில் கூவுகிறது. இதோ வருகிறேன்.” என்று எழுதினார். அவர் உருவம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு காணவில்லை. நண்பர் பட்டியலில் பச்சையாக இருந்த பெயர் சிவப்பானது. எங்கள் நேரம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கட்டையை அடுக்கித் தீ வைத்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது, பிறகு பன்னிரண்டாம் வகுப்பு. நானும்தான் சொல்லாமல் போனவன்.

சென்டர் இருந்த மாடியில் முதலில் ரீசார்ஜ் கடை வந்தது, இப்போது பிரியாணிக் கடை. சித்தி மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது கேட்டேன். “கேமா? ஆமாண்ணே… கோழிய வெரட்டி வெரட்டி அடிப்போம்லா? அது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு” என்றான். கவசம் போனது கூட அவனுக்கு ஞாபகமில்லை. எனக்கு ஏனோ அது கஷ்டமாக இருந்தது.

2007 ஆகஸ்ட் மாதத்து நிலையில் ஊரை அப்படியே எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி விளையாட்டை நடத்துகிறவர்களிடம் இருந்ததாம். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்டு வாக்களித்தார்கள். 2013 பிப்ரவரி 22 அன்று அதைத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் மறுபடி லெவல் 3-லிருந்து தொடங்க வேண்டும். நான் அங்கேயும் பிந்தித்தான் போனேன். ஒரு கல் மாறவில்லை. சமையல்காரன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். பேங்க் சுவர் பிளந்தே இருக்கிறது. கரம்ஜாவுக்கு இன்றும் 30 காசுதான். எங்கே போய்ச் சொல்வது, இருபது வருஷமாகக் கட்டணம் ஏறாத கப்பல். வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று ஹான்ஸிடம் கேட்டால் கணக்குச் சொல்கிறான். சொல்லிவிட்டு நடையைத் தொடர்கிறான். காவலாளியிடம் வேண்டுமென்றே அடிவாங்கி விழுந்தேன், ஒரு தடவை. முற்றத்தில் யாரும் இல்லை.

மரவெட்டு 30 ஆக்கிக்கொண்டு போன வாரம் ட்ரேய்னருக்குப் போனேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, போனில்தான். 2018-லிருந்து அது போனிலும் வருகிறதே. வில்லோ மரத்தைச் சுற்றி ஆறு பேர். டொக், டொக், டொக். ஒரே தாளம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் வெட்டிவிட்டு, “டபிள்யூசி லெவல்ஸ்?” என்று கேட்டேன். என் தலைக்கு மேல் மஞ்சளாக மிதந்தது, மறைந்தது. பார்த்திருக்க மாட்டார்கள். போனை மேஜையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்களாக இருக்கும், நானும் அப்படித்தானே செய்கிறேன். இன்னொரு தடவை கேட்டேன். பிறகு நானே, “எனக்கு 34” என்று எழுதினேன். மரம் சாய்ந்தது. எல்லோரும் ஒரு கணம் கை ஓய்ந்து நின்றோம். அப்புறம் ஒன்றாக அடுத்த மரத்துக்கு நகர்ந்தோம்.